மேடத்துக்கு ஒரு கைக்கண்ணாடி

பெங்களூர்
20-12-1971

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ், புது வருஷ வாழ்த்துகள். கம்பெனி லெட்டர்பேடில் எழுதுகிறேனே என்று கோபிக்க வேண்டாம். ஆபீசில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், வேறு காகிதம் கைவசம் இல்லை.

லாரியில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். நம் நீல அன்னம் மார்க் போட்ட சாவி வளையங்கள், காலண்டர்கள், துண்டுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. துண்டைப் பார்த்தால் உங்களுக்கே பிடித்துவிடும். கோல்ப் ஆடுகிறவர்கள் இடுப்பில் செருகிக்கொள்ளும் ரகம், பால் வெள்ளை, ஒரு மூலையில் மட்டும் சின்னதாக அன்னம். நான்தான் தேர்ந்தெடுத்தேன். கடத்தூர்ப் பக்கம் புதுக் கிணறு வெட்டுகிற ஆட்களாகப் பார்த்துக் கொடுங்கள். துண்டு தோளில் இருக்கும்வரை அன்னம் கண்ணில் படும், அடுத்த மோட்டார் வாங்கும்போது வேறு கம்பெனிப் பேர் வாயில் வராது. இதற்குத்தான் விளம்பரம் என்று பேர்.

இப்போது முக்கியமான விஷயம். வருஷா வருஷம் ஓட்டலில் நடக்கும் டீலர் கூட்டம் இந்தத் தடவை கோல்ப் மைதானத்தில் நடக்கப்போகிறது. பிப்ரவரி 19, சனிக்கிழமை. மேனேஜர் பெள்ளியப்பா சாருடைய யோசனை, ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு. பெரிய கம்பெனிகளில் மேசை போட்டுப் பேசுகிற காலம் போய்விட்டது அக்கா. பந்தை அடித்துவிட்டு அது விழுந்த இடத்துக்கு நடக்கிறார்கள் பாருங்கள், அந்த நடையில்தான் எல்லாம் பேசி முடிகிறது. அன்றைக்கு ஒன்று முடிவாகப் போகிறது. கடத்தூருக்கு ஒன்று, அரூருக்கு ஒன்று என்று இரண்டு ஏஜென்சி இனிமேல் இருக்காது. இரண்டையும் சேர்த்து ஒருவருக்குத்தான். ஒன்று உங்களுக்கு, இல்லை அரூர் நஞ்சப்பனுக்கு.

நஞ்சப்பன் இப்போதே ஒரு குச்சி வாங்கிப் பழக ஆரம்பித்துவிட்டாராம். அதனால் நம் பக்கத்திலிருந்து பிலவேந்திரனை அனுப்புங்கள். மச்சானின் தம்பிதானே, பழைய டீலரின் தம்பி என்று சொன்னால் போதும். நல்ல பேண்ட் ஒன்று தைத்துக்கொள்ளட்டும். நீங்கள் வருவது சரிப்படாது. ஆட வருகிற லேடீஸ் கிடையாது. டீலர்களின் வீட்டுக்காரம்மாக்கள் வருவார்கள், நிழலில் உட்கார்ந்து ஜூஸ் குடிப்பார்கள், அவ்வளவுதான்.

அன்புடன்
கஸ்பார்


சேசு மரி சூசை துணை

கடத்தூர்
18-1-1972

தம்பி கஸ்பாருக்கு ரோசம்மா எழுதுவது. நீ அனுப்பிய பெட்டி வந்தது. நான் கேட்ட பெட்டி வரவில்லை. எரிந்துபோன மோட்டாருக்குப் பதில் மோட்டார் கேட்டு உன் கம்பெனிக்கு எத்தனை தடவை எழுதினேன் என்று உனக்கே தெரியும். வோல்டேஜ் குறைவு, கம்பெனி பொறுப்பல்ல என்று பதில் வருகிறது. மோட்டார் எரிந்து நெல் வாடுகிறவனுக்குச் சாவி வளையத்தைக் கொடுத்து அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

உன் துண்டுக் கதையைக் கேள். முதல் துண்டை, புதுக் கிணறு வெட்டுகிற முனியப்பனுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்த மனிதர். கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளை வெளேர் என்று துண்டை நீட்டினேன். அவர் சம்சாரம் தீர்த்தம்மாள் அதை வெடுக்கென்று பிடுங்கி வாசலில் எறிந்தார்.

“ஏனுங்க ரோசம்மா, எங்கூட்டு மனுசன் இப்பத்தான் எந்திரிச்சு உக்காந்துருக்குது. அதுக்குள்ள கோடி கொண்டாந்துட்டீங்களா?”

எனக்குக் கூசிப்போய்விட்டது. மஞ்சள் படாத புது வெள்ளைத் துணியை இந்தப் பக்கத்தில் யாருக்குப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? பிணத்துக்குத்தானே போடுவார்கள். கம்பெனிச் சாமான் என்ற நினைப்பில் புத்தி மழுங்கிவிட்டது. நம் ஆத்தாகூட மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் உனக்கு ஒரு சட்டை போட்டதில்லை. பெங்களூரில் அதெல்லாம் மறந்துபோய், ஊருக்கே கோடித்துணி அனுப்பி வைத்திருக்கிறாய்.

கடைக்கு வந்து நானும் பச்சியப்பனும் எல்லாத் துண்டுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தோம். பச்சியப்பன் எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன், அதனால் கையில் கரியும் இருந்தது. ஒன்றிரண்டில் கறை பட்டிருக்கும். அதற்குப் பிறகு ஒரு துண்டு மிஞ்சவில்லை. முனியப்பனே ஆள் விட்டு வாங்கிக்கொண்டார். காலண்டர் மட்டும் அப்படியே கிடக்கிறது. ஒரு வெள்ளைக்காரன் குச்சியை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். அதில் அமாவாசையும் இல்லை, தபசு காலமும் இல்லை. யார் மாட்டுவார்கள்?

அடுத்து பிலவேந்திரன். பம்பில் எந்தப் பக்கம் தண்ணீர் உள்ளே போகும், எந்தப் பக்கம் வெளியே வரும் என்று அவனைக் கேட்டுப் பார். கடை யார் பேரில் இருக்கிறது தம்பி? உன் மச்சான் போன பிறகு ஏஜென்சியை என் பேருக்கு மாற்றிக் கையெழுத்து வாங்கியவன் நீதான். இந்தக் கடைதான் எனக்குச் சோறு, பச்சியப்பனுக்கும் சோறு. அதை வைத்துக்கொள்வதா பிடுங்குவதா என்று பேசுகிற இடத்துக்கு நான் வராமல் வேறு யார் வருவது? நீ சொன்ன அந்தச் சனிக்கிழமை வருகிறேன்.

ரோசம்மா


பெங்களூர்
30-1-1972

அக்கா,

காரியம் கெட்டுவிட்டது. நீங்கள் மஞ்சள் பூசிய துண்டில் ஒன்று எப்படியோ நஞ்சப்பன் கைக்குப் போய், அவர் அதைக் கொண்டுவந்து மேனேஜர் மேசையில் விரித்துவிட்டார். அன்னத்தின் கழுத்தில் மஞ்சள், வாலில் கரி. கம்பெனியின் மார்க்கை அசிங்கம் செய்த டீலர் யார் என்று மேனேஜர் கேட்டார். கடத்தூர் டீலர் என்று சொன்னேன். ஏன் செய்தார்கள் என்று விளக்கம் சொல்லவும் முயன்றேன். பிணம், கோடி என்பதெல்லாம் ஏசி அறையில் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

அவர் மோசமான மனிதர் இல்லை. குடகுக்காரர், பெரிய குடும்பம், ஒழுங்கு பார்ப்பார். அவர் மறக்கும்வரை நீங்கள் கண்ணில் படாமல் இருப்பது நல்லது. தயவுசெய்து பிலவேந்திரனை அனுப்புங்கள். வாயைத் திறக்காமல் கூடவே நடந்தால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

கஸ்பார்


கடத்தூர்
4-2-1972

தம்பி,

பிலவேந்திரனுக்குப் பேண்ட் தைக்கவில்லை. எனக்கு பஸ் டிக்கெட்டுக்கு ஆள் சொல்லிவிட்டேன்.

ரோசம்மா


கடத்தூர்
22-2-1972

திருவாளர் கஸ்பார் அவர்களுக்கு,

தம்பி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ அந்த முறையை வேண்டாம் என்று ஊரார் முன்னால் காட்டிவிட்டாய், அதனால் மேலே மட்டுமாவது மரியாதையாக எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன், உனக்கு மறந்துபோயிருக்கலாம். வாசலில் காவல்காரன் என்னை நிறுத்தி, ஆயாமார் போகிற வழி பின்பக்கம் என்றான். நான் டீலர் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. நீ பத்தடி தள்ளி நின்று தொப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். பார்க்காதது போலத் திரும்பினாய். பிறகு வேறு வழியில்லாமல் வந்து, “மேடம் கடத்தூரா? வாங்க மேடம்” என்றாய். நான் தூக்கி வளர்த்த பிள்ளை எனக்கு மேடம் போட்டான்.

செருப்போடு நடந்தால் புல் கெட்டுவிடும் என்றார்கள். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். நிழலில் உட்காரச் சொன்னார்கள். எனக்கு உட்காரத் தெரியும், அதற்கு பெங்களூர் வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆண்கள் பின்னாலேயே நடந்தேன். நட்டநடு வெயிலில் அந்தப் புல்லுக்கு ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். எங்கள் பக்கம் அறுபதடி தோண்டிக் குடத்தில் மொள்ளுகிறோம். அங்கே கையகலக் குழி ஒன்றைச் சுற்றி இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நீ சொன்னது உண்மைதான், எல்லாம் அந்த நடையில்தான் முடிகிறது. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குப் போவதற்குள் நஞ்சப்பனுக்கு ஒரு புது லாரி லோடு சம்மதமாகிவிட்டது. கடைசிக் குழியில் ஒரு முழத்தூரத்தில் கிடந்த பந்தை நஞ்சப்பன் வெளியே தள்ளினார். அரூர் ஏரி வற்றிக் கிடக்கிற இடத்தில் மாதக்கணக்கில் அடித்துப் பழகியவருக்கு அந்தப் பந்து உள்ளே விழாதா? மேனேஜர் ஜெயித்தார். எல்லோரும் கை தட்டினார்கள், நீதான் பலமாகத் தட்டினாய்.

அப்போதுதான் அந்த மனிதர் நஞ்சப்பனிடம் கன்னடத்தில் கேட்டார், மஞ்சள் பூசிய அம்மாள் இவள்தானா, வீட்டில் இவளுக்கு அடுப்பு வேலை கிடையாதா என்று. மாரண்டஹள்ளிச் சந்தையில் கன்னடம் பேசிக் காய் விற்றவள் நான், அது உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நானும் கன்னடத்திலேயே சொன்னேன். அடுப்பு வேலை விடிவதற்குள் முடிந்துவிட்டது சார், மோட்டார் வேலைதான் முடியவில்லை, எரிந்த மோட்டார்கள் என் கடையில் வரிசையாகக் கிடக்கின்றன, அதற்கு எப்போது ஆள் அனுப்புவீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் சிவந்து, அதெல்லாம் பேசுகிற இடம் இது இல்லை என்றார். மற்ற எல்லாவற்றையும் இங்கேதானே பேசினீர்கள் என்றேன். தப்பாகப் பேசினேனா? பேசினால் பேசினேன்.

அதற்குப் பிறகு பரிசு கொடுத்தீர்கள். டீலர்களுக்குத் தொப்பியும் குடையும். வீட்டுக்காரம்மாக்களுக்கு அன்னம் போட்ட கைக்கண்ணாடி. வரிசையில் என் முறை வந்தது. நீ தொப்பியை எடுத்தாய், மேனேஜர் பார்க்கிறாரா என்று பார்த்தாய், தொப்பியைத் திரும்ப வைத்தாய். “மேடம், ப்ளீஸ்” என்று கண்ணாடியை நீட்டினாய். அதை அந்த மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். எடுத்து வேறு யாருக்காவது கொடுத்திருப்பாய்.

மேசை மேல் இருந்தது கோழி பிரியாணியும் பீரும். நடப்பது தபசு காலம், கறி தொடக்கூடாத நாள். நீ சாப்பிட்டாய். அதைக்கூட விடு. சேசுவைப் பிடித்துப்போனபோது இராயப்பர் அந்த மனிதரை அறியேன் என்று சொன்னது உயிருக்குப் பயந்து. உன்னை யார் கத்தி எடுத்துக்கொண்டு துரத்தினார்கள்?

இப்படிக்கு
கடத்தூர் மேடம்


பெங்களூர்
10-3-1972

அக்கா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனது கோபத்தினால்தான், ஒளிக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்த ஆபீசில் என்னை, வெள்ளைக்காரர்கள் இருந்த கன்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்தவன் என்று நினைக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை. என் பேரும் என் இங்கிலீஷும் அதற்குப் போதுமானதாக இருந்தன. மறுத்திருந்தால் மைதானத்துக்குள் என்னை விட்டிருப்பார்களா? தலையில் கத்திரிக்காய்க் கூடையோடு சந்தைக்கு நடந்த பையனிடம் தொப்பி எண்ணும் வேலையைக்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். நான் ஆடக் கற்றுக்கொண்டது ஆசைக்காக இல்லை. காலையில் யாரும் வருவதற்கு முன்னால் போய், தனியாக அடித்துக் கை கொப்பளித்துக் கற்றுக்கொண்டேன். அதெல்லாம் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. கையகலக் குழி என்று எழுதிவிட்டீர்கள்.

நீங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் அந்தச் சிரிப்பு சுருக்கென்று பட்டது, உங்களுக்குப் பட்டதாகத் தெரியவில்லை.

முடிவு இதுதான். கடத்தூரும் அரூரும் சேர்த்து நஞ்சப்பனுக்கு. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உங்கள் ஏஜென்சி ரத்து. கம்பெனிப் பேர்ப் பலகையை எடுத்துப்போக லாரி வரும். ஆனால் ஒரு வழி இருக்கிறது, இரண்டு நாள் மேனேஜர் பின்னால் நடந்து வாங்கியிருக்கிறேன். நஞ்சப்பனுக்குக் கீழே சப்-டீலராக நீங்கள் கடையை நடத்தலாம். கம்பெனி மார்க்கைக் கெடுத்ததற்கும் மைதானத்தில் பேசியதற்கும் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் தரவேண்டும். டைப் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள். யாருக்கும் தெரியாது. கடை பிழைக்கும்.

இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளுங்கள்.

கஸ்பார்


சேசு மரி சூசை துணை

கடத்தூர்
27-3-1972

கஸ்பாருக்கு,

நீ டைப் அடித்து அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது. நல்ல காகிதம், வீணாக்குவானேன் என்று அதிலேயே இதை எழுதுகிறேன். முன்பக்கத்தில் கையெழுத்து எதுவும் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்.

லாரி வரவேண்டியதில்லை. பலகையை நானே இறக்கி, துடைத்து, தர்மபுரி லாரி ஆபீசில் உன் கம்பெனி விலாசத்துக்குப் போட்டுவிட்டேன். புதுப் பலகைக்குப் பெயிண்டரைக் கூப்பிட்டேன். உன் மச்சான் யாகப்பன் பேரைப் போடச் சொல்லிப் பிலவேந்திரன் சொன்னான், பங்குச் சாமியாரும் அதையே சொன்னார். பொம்பளை பேரில் மோட்டார்க் கடையா என்று தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள். உன் மச்சான் உயிரோடு இருந்து கடையில் உட்கார்ந்திருந்தால் அவர் பேரைப் போட்டிருப்பார். இப்போது உட்கார்ந்திருப்பது நான். ‘ரோசம்மா மோட்டார் கடை’ என்று எழுதச் சொன்னேன். பெயிண்டர் எழுத்துக்களைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டான். அழித்துப் பெரிதாக எழுத வைத்தேன்.

கோயம்புத்தூர் போய்வந்தேன். பீளமேட்டில் ஒரு சின்னப் பட்டறை. முதலாளி பனியன் போட்டுக்கொண்டு தானே லேத்தில் நிற்கிறார். உங்கள் மோட்டார் ஒரு வருஷத்துக்குள் எரிந்தால் வேறு மோட்டார் தருவீர்களா என்று கேட்டேன். யோசித்தார். எங்கள் பக்கம் வோல்டேஜ் இவ்வளவுதான் வரும் என்று ஒளிக்காமல் சொன்னேன். அதற்குத் தகுந்தாற்போல் கம்பியைத் தடிமனாகச் சுற்றித் தருகிறேன், அப்புறமும் எரிந்தால் மாற்றித் தருகிறேன் என்றார். காலண்டர் உண்டா, சாவி வளையம் உண்டா என்று சும்மா கேட்டு வைத்தேன். காப்பி வாங்கிக் கொடுத்தார்.

கடை பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஆனால் செய்யாத குற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்குவதைவிட இது தேவலை. நஞ்சப்பன் கடைக்குக் கீழே நான் உட்கார மாட்டேன், அவர் நல்லவராகவே இருந்தாலும் மாட்டேன்.

உன் கை கொப்பளித்ததைப் படித்தேன். அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. கற்றுக்கொண்டதில் ஒரு தப்பும் இல்லை. கத்திரிக்காய்க் கூடையைச் சுமந்த கையால்தான் கற்றுக்கொண்டேன் என்று சொல்லியிருந்தால் நான் ஊர் பூராவும் பீற்றிக்கொண்டிருப்பேன். இனி நீயாக எழுதும்வரை நான் எழுதமாட்டேன்.

ரோசம்மா


பெங்களூர்
5-1-1973

அன்புள்ள அக்காவுக்கு,

எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போதும் ஆபீஸ் காரியமாகத்தான் எழுதுகிறேன் என்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கடத்தூர்ப் பக்கமிருந்து எங்களுக்கு ஒரு ஆர்டரும் வருவதில்லை. விசாரித்துவர ஆள் போனான். தெற்கே போனால் ரோசம்மா மோட்டார், வடக்கே போனால் ரோசம்மா மோட்டார் என்று வந்து சொன்னான். மோட்டார் கோயம்புத்தூர்க்காரருடையது, பேர் மட்டும் உங்களுடையது. நஞ்சப்பனே தன் கடையில் எரிந்துவந்த அன்னம் மோட்டார்களைப் பச்சியப்பனிடம் கம்பி சுற்றக் கொடுத்தனுப்புகிறாராம். இதைக் கேட்டபோது மேனேஜர் முகத்தைப் பார்த்தேன். எனக்குள் சந்தோஷமாக இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவர் இப்போது உங்களைத் திரும்ப அழைக்கிறார். பிப்ரவரி 10, சனிக்கிழமை கோல்ப். இந்தத் தடவை அழைப்பிதழில் உங்கள் பேரையே அச்சடித்திருக்கிறோம். கடத்தூர், அரூர் இரண்டும் உங்களுக்கு. நஞ்சப்பனுக்கு வேறு இடம். நீங்கள் வந்து அன்னம் குடையைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் பக்கத்தில் நின்றால் போட்டோ எடுத்துப் பேப்பரில் போடுவார்கள், முதல் லேடி டீலர் என்று. துண்டுக்குக்கூட இனிமேல் மஞ்சள் பார்டர் வைத்தே நெய்யச் சொல்லியிருக்கிறார்.

கடத்தூர்ப் பக்கம் என் ஏரியா என்பதால் உங்களைச் சம்மதிக்க வைக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. முடித்துக்கொடுத்தால் எனக்குப் பிரமோஷன். முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தெரியவில்லை. அன்று மன்னிப்புக் கேட்கச் சொன்னவர்கள் இன்று அவர்களே வருகிறார்கள் அக்கா. இதைவிட உங்களுக்கு வெற்றி என்ன வேண்டும்?

கஸ்பார்


கடத்தூர்
16-1-1973

தம்பி,

பொங்கல் முடிந்தது. அழைப்பிதழ் வந்தது. பேரில் எழுத்துப் பிழை இல்லாமல் அச்சடித்திருக்கிறார்கள், சந்தோஷம்.

ஏஜென்சி வேண்டாம். கோபத்தினால் சொல்லவில்லை, யோசித்துச் சொல்கிறேன். இன்று இரண்டு ஊரையும் தூக்கிக் கொடுக்கிறவர் நாளைக்கு ஒரு நடையில் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார். பீளமேட்டுக்காரர் மாற்றிக் கொடுக்கிறேன் என்றார், மாற்றியும் கொடுத்தார், அந்த நன்றி எனக்கு உண்டு. குடை பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. துண்டுக்கு மஞ்சள் பார்டர் வைக்கிறார்களே, அது நல்லது, வைக்கட்டும்.

உன் வேலைக்குத் துன்பம் வரும் என்பது தெரிகிறது. அதை நினைத்துத்தான் மூன்று நாள் இந்தப் பதிலை எழுதாமல் வைத்திருந்தேன். உனக்காகச் சம்மதித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். ஏரியா என்று எழுதியிருக்கிறாய், பிரமோஷன் என்று எழுதியிருக்கிறாய். ஒன்றை மட்டும் எழுதவில்லை. நான் யார் என்று அந்த மேனேஜருக்கு இன்னும் தெரியாது, அப்படித்தானே?

ரோசம்மா


பெங்களூர்
12-2-1973

அக்கா,

நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

சனிக்கிழமை எல்லா டீலர்களும் வந்திருந்தார்கள். மூன்றாவது குழிக்கு நடந்துகொண்டிருந்தபோது மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கடத்தூர் அம்மாள் ஏன் வரவில்லை என்றார். மறுத்துவிட்டார்கள் என்றேன். போன தடவை கொடுத்த கண்ணாடி சின்னதாகப் போய்விட்டதோ, முகம் பூராவும் மஞ்சள் பூசிப் பார்க்கப் பெரிய கண்ணாடியாக ஒன்று அனுப்பு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்துவிட்டேன் அக்கா. பழக்கம் அப்படி. திறந்த வாயிலிருந்து வேறு பேச்சு வந்துவிட்டது.

முதலில் இங்கிலீஷில் சொன்னேன். அது போதவில்லை என்று தோன்றியது. டீலர்களைப் பார்த்துத் தமிழிலும் சொன்னேன். “அவங்க எங்கூடப் பொறந்த அக்கா. அவங்க காய் வித்துத்தான் நான் படிச்சேன். சிரிக்கறதுன்னா என்னையும் சேத்துச் சிரிங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் பந்து பக்கம் திரும்பிக்கொண்டார். ஓங்கி அடித்தார், அது எங்கேயோ மரத்துக்குள் போயிற்று. நான் கையிலிருந்த குச்சியைப் பையில் வைத்துவிட்டு வெளியே நடந்தேன். நஞ்சப்பன் ஆட்டத்தை விட்டுவிட்டு கேட் வரை கூடவே வந்தார். “ரோசம்மா தம்பிங்களா நீங்க? மொதல்லயே தெரிஞ்சிருந்தா அந்தத் துண்ட நான் கொண்டாந்து காட்டியிருக்க மாட்டேனுங்க” என்றார். தெரியாதபடி வைத்திருந்தது நான்தான், அவரை என்ன சொல்வது?

இன்று காலை மேசைமேல் உத்தரவு இருந்தது. என்னை விற்பனையிலிருந்து எடுத்து பெல்லாரி குடோனுக்கு மாற்றியிருக்கிறார்கள். மார்ச் முதல் தேதி அங்கே இருக்கவேண்டும். சாமான் வந்தால் இறக்கி, போனால் ஏற்றிவிடுகிற வேலை. கூட இருக்கிறவர்கள் துக்கம் விசாரிப்பது போல் வந்து பேசிவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மத்தியானம் ஓட்டலில் இரண்டு சாப்பாடு சாப்பிட்டேன். சரியாகச் செய்தேனா, பைத்தியக்காரத்தனமா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

பெல்லாரிக்குப் போகும்முன் ஒரு தடவை கடத்தூர் வரலாமா? வரவேண்டாம் என்றாலும் எழுதிவிடுங்கள்.

கஸ்பார்


சேசு மரி சூசை துணை

கடத்தூர்
16-2-1973

அன்புத் தம்பிக்கு,

இதென்ன கேள்வி, வரலாமா என்று? இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வா. அதற்கப்புறம் தபசு காலம் வந்துவிடும், கறி ஆக்கிப் போட முடியாது. தர்மபுரியில் இறங்கிக் கடத்தூர் பஸ் பிடித்தால் பத்து மணிக்கு வந்துவிடலாம்.

பைத்தியக்காரத்தனமா என்று கேட்டிருக்கிறாய். ஆமாம். உன் கடிதத்தை பச்சியப்பனுக்குப் படித்துக் காட்டினேன், அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, அன்றைக்கு ஒரு மோட்டாருக்குக் கம்பியைத் தப்பாகச் சுற்றிவிட்டு மறுபடி பிரித்துச் சுற்றினான். நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன். பெல்லாரியில் வெயில் கொளுத்தும் என்கிறார்கள். குடோன் வேலை கேவலம் இல்லை. பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வா. இங்கே தெற்குப் பக்கம் போய்வர எனக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, சம்பளம் பெங்களூர் அளவு கிடையாது.

வீட்டுக்குப் போகாதே, நேராகக் கடைக்கு வா. ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் வரை கூட்டம் இருக்கும். பேண்ட் போட்ட புது ஆளைப் பார்த்தால் இவர் யாருங்க என்று கேட்காமல் விடமாட்டார்கள். நீ ஒன்றும் சொல்லவேண்டாம், பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள். கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா